ஒன்றரை அங்குல முடி

22 ஜனவரி 1997
நாளை தைப்பூசம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் எனக்கு மொட்டை என்று அம்மா வேண்டிக்கொண்டாராம். வயிறு அவருடையது, தலை என்னுடையது. கேட்டால், "ஒனக்குத் திரும்ப வளரும்லடா" என்கிறார்.

24 ஜனவரி
பத்துமலையில் மழித்த தலையோடு கிள்ளான் கிடங்குக்குப் போனேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் எங்களுக்குத் திங்கள்கிழமை போதைப்பொருள் சோதனை என்று அறிவிப்பு. சிறுநீர் இல்லை, தலைமுடி. ஒன்றரை அங்குலம் இருந்தால் மூன்று மாதக் கதையையும் சொல்லிவிடுமாம். அமெரிக்கப் பங்குதாரரின் ஏற்பாடு.

27 ஜனவரி
நர்ஸ் புஷ்பவல்லி கத்தரிக்கோலோடு என்னைச் சுற்றி வந்தார். "எங்கலா வெட்டுறது? கால்முடி எடுக்கட்டா சார்?" படிவத்தில் 'தலைமுடி' என்றுதான் இருக்கிறதாம். பெர்சனெல் அதிகாரி கனகலிங்கம் மறுத்துவிட்டார்.

"மொட்டையடிச்சுப்போட்டு வந்தால் விட்டுடுவமோ, தம்பி?"

"தைப்பூசம் சார்!"

"பாலிசியில தைப்பூசம் இல்லை."

மேனேஜருக்கும் முடி இல்லையே என்றேன். அவருடையது இயற்கையாம். என்னுடையது உள்நோக்கம்.

முடி வளரும்வரை சஸ்பென்ஷன். சம்பளம் கிடையாது. மூத்திரம் தரேன், ரத்தம் தரேன்னு கத்தினேன். யாருக்கு வேணும்? நான் என்ன தப்பு பண்ணேன்?

5 பிப்ரவரி
என்னோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரெங்கசாமி சோதனையில் பாஸ்! போதை மாத்திரை போடாமல் ஷிஃப்டுக்கு வராத ரெங்கசாமி! அவன் முடியை வெளுத்துச் சாயம் போடுகிறவன். வெளுத்தால் முடியிலிருக்கும் போதைமருந்தும் கூடவே போய்விடலாம் என்கிறார் புஷ்பவல்லி அக்கா. சாயம் போட்டவன் சுத்தம், மொட்டை போட்டவன் சந்தேகம்.

10 மார்ச்
அரை அங்குலம். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் மாடி முழுக்க, "பையன் கஞ்சாவாம்" என்று பேச்சு. என் மொட்டையில் சந்தனம் பூசிவிட்ட அதே ஆட்கள்.

14 மே
ஒன்றரை அங்குலம். வெட்டினார்கள்.

26 மே
கடிதம் வந்தது. கடந்த மூன்று மாதங்களும் நான் சுத்தம். அதாவது, ஃபோர்க்லிஃப்ட் பக்கமே விடாத மூன்று மாதங்களில் நான் போதையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டவில்லை. கீழே கனகலிங்கத்தின் கையெழுத்து. நாளை முதல் வேலை. அடுத்த சோதனை ஆகஸ்டில்.

அம்மா அழுதுகொண்டே சாமி படத்தைக் கும்பிட்டார். "வேலை திரும்பக் கெடச்சா மொட்டைன்னு வேண்டியிருந்தேன்யா."

"யாருக்கு?"

"ஒனக்குத்தான்."

ஆகஸ்ட் சோதனை முடியும்வரை முருகனிடம் தவணை கேட்டிருக்கிறேன். அவரிடம் படிவம் இல்லை.