பிரேக்கா, தம்பியா

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
கார்த்திகை, 1968

சௌபாக்கியவதி தேவகிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தப் பிலாய் ஊரில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஏகாம்பரநாதரைக் கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதியே பழகின கை, இந்தத் தடவை அந்த வரியில் நின்றுவிட்டது, அதனால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பக்கத்து வீட்டுச் சம்பந்தம் உயிர் போகும்போது வலியோடு கிடந்தாரா, தம்பி அர்ஜுனன் குடித்துவிட்டு ஓட்டினானா என்று இரண்டு கேட்டிருக்கிறாய். கூடப் பிறந்தவளே இரண்டாவதைக் கேட்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஊரே அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது, நீ மட்டும் எப்படிக் கேட்காமல் இருப்பாய் என்று தணிந்துகொண்டேன். அவன் குடிக்கவில்லை. சம்பந்தம் கொஞ்ச நேரம் வலியோடுதான் இருந்தார், உன்னிடம் பொய் எழுத மாட்டேன்.

நடந்தது இதுதான். வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சம்பந்தம் நெய்த முகூர்த்தப் புடவையைக் கொடுத்துவிட்டு, மத்தியானம் நம் பழைய லேண்ட்மாஸ்டர் காரில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அர்ஜுனன் ஓட்டினான், சம்பந்தம் முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அய்யம்பேட்டை தாண்டினதும் வைக்கோல் வண்டி ஒன்று வயலிலிருந்து சட்டென்று ரோட்டில் ஏறியிருக்கிறது. இவன் பிரேக்கை மிதித்தான், பெடல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதிக்க நேரமில்லை. வண்டிமாட்டைத் தப்பவிட ஸ்டியரிங்கை ஒடித்தான், கார் புளியமரத்தில் போய் இடித்தது, சம்பந்தம் உட்கார்ந்த பக்கம்தான் இடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அவர் பேசினது, மகள் குழலி பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள் என்கிற ஒரே ஒரு பேச்சுதானாம். போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. அர்ஜுனனுக்கு வலது கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது. அஜாக்கிரதையாக ஓட்டி ஆளைக் கொன்றதாகப் போலீஸில் எழுதிக்கொண்டு, ஜாமீனில் விட்டிருக்கிறார்கள்.

உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அர்ஜுனன் வீட்டை விட்டு வெளியே போவதில்லை, போனால் தெருவில் தறிச் சத்தம் நிற்கிறது, இவன் தாண்டினதும் மறுபடி கேட்கிறது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள் எல்லாம் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பிரேக்கை எப்படி மிதித்திருக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறார்கள். என் காதில் விழும்படிதான் நடத்துகிறார்கள். நான் லாரி ஓட்டின காலத்தில் இவர்களில் பாதிப்பேர் பிறக்கவே இல்லை. போகட்டும். நீ இப்போது கிளம்பி வரவேண்டாம், குழந்தைக்கு இருமல் என்று எழுதியிருக்கிறாய், அங்கே குளிர் அதிகம், ரயிலில் கதவோரம் உட்கார்ந்து வந்தால் சளி நெஞ்சில் இன்னும் இறங்கிவிடும். ராத்திரியில் காதை மூடிக் கட்டு. மாப்பிள்ளை ஷிப்டு முடித்து வரும்போது மப்ளர் இல்லாமல் வருகிறார் என்று நீயே எழுதினாய், சொல்லிச் சொல்லிப் பழக்கு.

இப்போது எழுதப்போவதை மாப்பிள்ளைக்குச் சொல்லு, வேறு யாருக்கும் சொல்லாதே. போலீஸ் தரப்பில் பார்க்கவேண்டியவர்கள் பார்த்து முடித்தபின் காரை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். பிரேக் நன்றாக இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நின்ற வண்டியில் யார் உட்கார்ந்தாலும் காலைப் படபடவென்று நாலு மிதி மிதிப்பார்கள், அப்படி மிதித்தால் அது கல் மாதிரி நிற்கிறது. மாடு கட்டி இழுத்து வந்து கொல்லைப்பக்கம் நிறுத்தினேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பெடல் தரைக்குப் போச்சு என்று என் பிள்ளை சொன்னது நிஜமா இல்லையா. ஒரே ஒரு மிதி மிதித்தேன். ஊறின பஞ்சை மிதிக்கிற மாதிரி கால் கீழே போனது. விட்டுவிட்டு மூன்று நாலு தரம் அடித்தேன், ஏறி இறுகி நின்றது. சக்கரத்துக்குள் பிரேக் கட்டை தேய்ந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று நாலு சக்கரத்தையும் கழற்றினேன், ஆடி மாதம் மாற்றின கட்டை, புதிசு மாதிரி இருக்கிறது. குழாயில் காற்று புகுந்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் மெத்தென்று துள்ளும், இது துள்ளவில்லை. மறுபடி அடித்து ஏற்றிவிட்டு, காலை எடுக்காமல் அப்படியே அழுத்திப் பிடித்தேன். என் காலுக்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது, தேவகி.

இறங்கினால் எங்கேயாவது ஒழுக வேண்டும். நாலு சக்கரத்தின் உள்பக்கமும் உலர்ந்து கிடக்கிறது, குழாய் நெடுகத் துணியால் துடைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. நம் வண்டியில் பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றுகிற டப்பா ஓட்டுகிறவன் காலடியில் இருக்கிறது, மிதியடியைத் தூக்கித் தகட்டைக் கழற்றினால் அதன் மூடி தெரியும். கழற்றினேன். மூடியின்மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து போய் ஒட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்குக்கு வைப்பார்கள், விளக்குக்கு வைப்பார்கள், மிதியடிக்குக் கீழே மறைந்து கிடக்கிற மூடிக்கு யார் வைப்பார்கள். திறந்து விரலை விட்டு முகர்ந்தேன். பிரேக் ஆயில் வாசனை அடியில் எங்கேயோ இருந்தது, மேலே இருந்தது மிஷின் எண்ணெய், தறி மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டிக்கு விடுவார்களே அது. உள்ளே எண்ணெயைத் தள்ளுகிற ரப்பர் வாசரை எடுத்துப் பார்த்தேன், ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரமெல்லாம் கொழகொழத்துக் கிடந்தது. அந்த ரப்பருக்கு மிஷின் எண்ணெய் ஆகவே ஆகாது.

அர்ஜுனனைக் கூப்பிட்டு அந்த மூடியைக் காட்டினேன். பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நம் காரைச் சம்பந்தம் வீட்டு வாசலில் நிறுத்தித்தானே அவர் பெண்சாதி கமலாட்சி பூஜை நடத்துவாள், அவர்கள் தறியும் நம் வண்டியும் ஒரே தட்டில் கற்பூரம் வாங்கிக்கொள்ளும், உனக்குத் தெரியாததா. அன்றைக்குக் காலையில் இவன் வண்டியைத் துடைக்கும்போது அந்த மூடியைத் திறந்து பார்த்திருக்கிறான், எண்ணெய் கொஞ்சம் இறங்கியிருந்தது. நம் வீட்டில் பிரேக் ஆயில் இருக்கிறதா என்று தேட உள்ளே வந்திருக்கிறான். இவன் திரும்புவதற்குள் கமலாட்சி, பூஜை நாளில் எதுவும் குறையாக இருக்கக் கூடாதென்று அவர்கள் வீட்டில் குடம், விளக்கு, எண்ணெய்க் கிண்ணி எல்லாவற்றையும் விளிம்புவரை நிறைத்துவிட்டுத்தானே பொட்டு வைப்பார்கள், தறிக்கு விட்ட கையோடு அதே எண்ணெயால் இதையும் நிறைத்து மூடிப் பொட்டு வைத்துவிட்டாள். உன் வண்டிக்கும் நிறைச்சிட்டேன் தம்பி, இனிமே ஒரு குறையும் வராதுன்னு சிரிச்சிக்கினே சொன்னாங்கப்பா, பூஜை நாளும் அதுவுமா அவங்க ஊத்தினத அவங்க எதிர்லயே எப்படிப்பா கீழ கொட்றது, மறுநாள் எடுத்துரலாம்னு இருந்துட்டேன் என்றான். மறுநாள் திருத்தணிக்குச் சவாரி வந்தது. அப்புறம் மறந்தான். தீபாவளிக்குப் பிறகு பெடல் இறங்க ஆரம்பித்திருக்கிறது, இரண்டு மிதி மிதித்தால் பிடிக்கிறதே என்று ஓட்டியிருக்கிறான். கமலாட்சி அக்கா காதுக்கு இது போவவே வேணாம்பா, நான்தானே ஓட்டினேன் என்று அந்தக் கட்டுப் போட்ட கையை வைத்துக்கொண்டு சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். கட்டைப் பார்த்துக் கையை இறக்கினேன்.

வக்கீல் குமாரசாமியிடம் போனேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, பையனை இதிலிருந்து பெரும்பாலும் மீட்டுவிடலாம், ஆனால் ரப்பரை மட்டும் காட்டினால் போதாது, அந்த அம்மா கோர்ட்டில் ஏறி நான்தான் ஊற்றினேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார். வீட்டில் வந்து சொன்னேன். உன் அம்மா அப்போதே எழுந்து முகம் கழுவிக்கொண்டாள், அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் உயிர் வந்தது. போய் இப்பவே சொல்லிட்டு வாய்யா, அது நல்ல பொண்ணு, நம்ம புள்ள ஜெயிலுக்குப் போக விடாது என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். கமலாட்சி நல்ல பெண்தான், கேட்டால் மறுக்க மாட்டாள். சொல்லிவிடுவது என்று நானும் முடிவு பண்ணிக்கொண்டு, அந்த ரப்பரைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

நீ அவளைப் பார்த்தால் அடையாளம் தெரியாது, உன் கல்யாணத்துக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்ட கமலாட்சியா இது என்று இருக்கும். சம்பந்தத்தின் தறி பாதிப் புடவையோடு நிற்கிறது, அதன் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை. குழலிக்கு உன் அம்மாதான் சோறு போடுகிறாள், அந்தக் குழந்தை நம் வீட்டில் வந்து பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிறது. நான் வாய் திறக்கும் முன்னே அவளே கேட்டாள். மாமா, ஒண்ணு மட்டும் மறைக்காம சொல்லுங்க, அவர் பஸ்ஸுல போறேன்னுதான் சொல்லிக்கினு இருந்தார், புதுப் புடவை கசங்கிடும் கார்ல போய்ட்டு வாங்கன்னு நான்தான் அனுப்பிச்சேன், அதுவே மண்டைக்குள்ள ஓடிக்கினு இருக்குது, வண்டிய நீங்க பிரிச்சுப் பாத்தீங்கன்னு குழலி சொன்னா, பிரேக்கா, தம்பியா? தம்பின்னா தம்பிய திட்டிக்கினாவது எழுந்திருச்சி உலை வெச்சிருவேன், பிரேக்குன்னா நான் யாரத் திட்றது, அனுப்பிச்ச என்னைத்தான் திட்டிக்கணும், கிணத்தைத் தாண்டிப் போவும்போதெல்லாம் பயமா இருக்குது மாமா என்றாள். காரில் போகச் சொன்னதற்கே கிணற்றைப் பார்க்கிறவளிடம் நான் மடியில் இருப்பதை எப்படி எடுப்பேன், நீயே சொல்லு. தம்பிதான்மா என்று சொன்னேன். பிரேக்கு நல்லாத்தான் இருந்தது, அவன் கவனமா ஓட்டல என்று சொன்னேன். என் வாயால், என் பிள்ளையை.

அவள் திட்ட ஆரம்பித்தாள். அவன் கை விளங்காமல் போகட்டும், அவன் வீட்டில் விளக்கு எரியக் கூடாது என்று என்னென்னவோ சொன்னாள், நான் எழுந்து வராமல் முழுக்கக் கேட்டேன். நடுவில் ஒரே சுவர்தான், அர்ஜுனனுக்கும் உன் அம்மாவுக்கும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறது. திட்டிக்கொண்டே எழுந்து அரிசி களைந்தாள். நேரே வீட்டுக்குள் நுழையாமல் தெருக்கோடிக்குப் போனேன், அங்கே சாயப் பட்டறை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, ரப்பரை அதில் போட்டுவிட்டேன். வீட்டுக்குள் வந்தபோது அர்ஜுனன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், திரும்பவில்லை. உன் அம்மா, பெத்த புள்ளையைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துட்டியா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். குழலி இப்போது சாப்பிட வருவதில்லை, அவள் வீட்டிலேயே உலை கொதிக்கிறது. தை பிறந்ததும் கேஸ் வருகிறது, அர்ஜுனன் உள்ளே போவான் என்றுதான் வக்கீல் சொல்கிறார். நான் செய்தது சரியா என்று நீ கேட்டு எழுதாதே, எனக்குத் தெரியாது. அவனும் பெடல் இறங்கின வண்டியை ஓட்டினவன்தானே என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனாலும் தூக்கம் வரவில்லை.

குழந்தையின் இருமலுக்கு ஆடாதொடை இலை அங்கே கிடைக்காவிட்டால் எழுது, உலர்த்திப் பார்சல் போடுகிறேன். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, என்னைப் பற்றி ஒன்றும் எழுதாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் தீர்க்காயுசும், குழந்தைக்கு நல்ல உடம்பும் காமாட்சியம்மன் கொடுக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கமலாட்சி உனக்கு எழுதப்போகிறாள், உன் விலாசத்தை என்னிடம்தான் வாங்கிக்கொண்டாள். உன் தம்பியைத் திட்டித்தான் எழுதுவாள். அவனுக்காக ஒரு வார்த்தை பேசாதே. ஆமாம் அக்கா, தப்பு அவன்மேல்தான் என்று பதில் எழுது. சீக்கிரம் எழுது.

இப்படிக்கு
உன் அப்பா,
தணிகாசலம்