யு-வில் நின்ற விடை

ஜனவரி 9, 2012

அன்புள்ள ஐலி அக்காவுக்கு,

மூன்று வருஷம் எழுதாதவன் எழுதுகிறான், கிழித்துப் போடாமல் படி. இங்கே சிறையில் கல்லூரி வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். நான் நுண்கணிதம் எடுத்திருக்கிறேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நீ சிரிப்பது இங்கே வரை கேட்கிறது. ஆசிரியர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். பிரதியிட்டுத் தொகையிடும் பாடத்தில் மாட்டிக்கொண்டேன். அதையே கல்லூரியில் நடத்துகிற அக்கா இருக்கும்போது வேறு யாரிடம் போவேன்?

எக்ஸ் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, அதன் ஐந்தாம் அடுக்கை இரண்டு எக்ஸால் பெருக்கித் தொகையிடச் சொன்னார். கூட்டியதை யு என்று வைத்து, யு-வின் ஆறாம் அடுக்கு, கீழே ஆறு என்று விடை எழுதினேன். முடியவில்லை என்கிறார். இதற்கு மேல் என்ன இருக்கிறது?

பழையதைக் கிளறி உன்னை நோகடிக்க மாட்டேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

என்றும் உன் தம்பி,
ரெய்னோ

*

ஹான்காக், மிச்சிகன்
பிப்ரவரி 2, 2012

ரெய்னோ,

இது இரண்டாவது பிரதி. முதலாவதில் பழக்கதோஷத்தில் சிவப்பு மையால் திருத்தியிருந்தேன். கலர் மை கூடாதென்று உங்கள் தபாலறை திருப்பி அனுப்பிவிட்டது.

எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்றை யு என்று வைத்தது சரி. தொகையிட்டதும் சரி. ஆனால் யு உன் வசதிக்கு நீயே கொண்டுவந்த எழுத்து. கேள்வி எக்ஸில்தான் இருந்தது. முடிவில் யு-வை எடுத்துவிட்டுப் பழையதை அதே இடத்தில் வை. மாறிலி ஒன்றைக் கூட்டு. என் மாணவர்களில் பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

ஐலி

*

மார்ச் 1, 2012

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரன், "என்னய்யா புரொபசர், கணக்கப் பாத்து அழுவுற?" என்றான். "நீ போட்டுப் பாரு, நீயும் அழுவ" என்றேன்.

பாடத்தின் கடைசியில் இருந்த பதினான்கு கணக்கையும் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பொறுமையாகப் பார்.

அது நடந்த பிறகு எனக்கென்று யாருமில்லை என்றே நினைத்திருந்தேன். அந்த நாள் வராமலே போயிருக்கலாம். பனி சறுக்கினால் யார்தான் என்ன செய்ய முடியும்? பார்க்க வருவாயா அக்கா? வருகிறவர்கள் பட்டியலில் உன் ஒரு பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன்.

உன் தம்பி,
ரெய்னோ

*

மார்ச் 20, 2012

அன்புள்ள ரெய்னோ,

பதினான்கில் பன்னிரண்டு சரி. பரவாயில்லையே! போன சனிக்கிழமை உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். ஊர்க்கோடிப் பாலம் வரை வந்துவிட்டுக் காரைத் திருப்பிக்கொண்டேன்.

'அது' என்கிறாய், 'அந்த நாள்' என்கிறாய். இரண்டு கடிதத்திலும் என் பிள்ளையின் பெயரைக் காணோம். முதல் கணக்கில் விட்ட பிழையையே இங்கேயும் விடுகிறாய். அவன் பெயர் ஆர்வோ. பதினாறு வயது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். "குடிச்சவங்க வண்டியில ஏறாத. சாவிய வாங்கு, இல்ல எனக்கு போன் பண்ணு" என்று அவனுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். நீ குடித்தது தெரியாமல் ஏறினான் என்று கோர்ட்டில் சொன்னாய். காலையிலிருந்து உறைந்த ஏரிமேல் உன்னோடு உட்கார்ந்து மீன் பிடித்தவனுக்கா தெரியாது? தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று செத்த பிள்ளைமேல் மூன்று வருஷமாகக் கோபத்தில் இருக்கிறேன். பெற்றவள் செய்கிற காரியமா இது? எனக்கு உண்மை வேண்டும். எழுது, பிறகு வருகிறேன்.

உன் அக்கா,
ஐலி

*

ஏப்ரல் 6, 2012

அக்கா,

நான்கு தாள் கிழித்தாயிற்று.

ஆர்வோ கேட்டான். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "சாவியக் குடுங்க மாமா, நான் ஓட்டுறேன். அம்மா சொல்லிருக்காங்க" என்றான். நான் சிரித்தேன். "அம்மாப் பிள்ளை! லைசென்ஸ் வாங்கி ஒரு மாசம் ஆகல, பனியில நீ ஓட்டப் போறியா? ஏறுடா" என்றேன். போனை எடுத்தான். பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். வெளியே எலும்பைத் துளைக்கிற குளிர். "சரி மாமா, மெதுவாப் போங்க" என்று ஏறிக்கொண்டான். என் சீட் பெல்ட்டையும் அவனே மாட்டிவிட்டான். அதனால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.

கோர்ட்டில் சொன்னது பொய். நான்தான் ஆர்வோவைக் கொன்றேன்.

ரெய்னோ

*

ஏப்ரல் 21, 2012

ரெய்னோ,

கேட்டது நான். மறைக்காமல் எழுதினாய். அதற்கு நன்றி.

இன்று ஆர்வோவிடம் போனேன். கல்லறைமேல் இன்னும் பனி இருந்தது. கையால் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கடா கண்ணு. நீ கேட்டிருக்க, அம்மாவுக்குத்தான் தெரியல" என்றேன். வாய்விட்டு அழுதேன். அவன்மேல் இருந்த கோபம் துளிகூட இப்போது இல்லை. அவ்வளவும் உன்மேல் வந்துவிட்டது. இதைச் சுமந்துகொண்டு உன் எதிரே வந்து உட்கார என்னால் முடியாது. வருகிறேன் என்று சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவில்லை, தெரிந்தேதான் செய்கிறேன்.

தப்பாகப் போட்ட இரண்டு கணக்கையும் விளக்கி எழுதி வைத்திருக்கிறேன். பரீட்சையில் தேறு, மனதாரத்தான் சொல்கிறேன். இனிமேல் சந்தேகம் வந்தால் அங்கே வரும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள். எனக்கு எழுத வேண்டாம்.

ஆர்வோவின் அம்மா