நன்றி மட்டும் சொல்லலாம்

நவம்பர் 16

கர்த்தருக்குள் அன்பான ஹில்லிக்கு,

நம் சபையின் வரலாற்றில் குறித்துவைக்கத்தக்க தீர்மானம் ஒன்று கடந்த மாதம் நிறைவேறியது. ஆராதனைக்குப் பிறகு, காபி நேரத்தில், பிரசங்கத்தின் குறைகளை யார் வேண்டுமானாலும் போதகரிடம் நேரே சொல்லலாம். போதகர் "நன்றி" என்று மட்டும் பதில் சொல்ல வேண்டும். மூப்பர்கள் ஏழு பேர், இரண்டேகால் மணி நேரம், தொடக்கத்திலும் முடிவிலும் ஜெபம். "மிக்க நன்றி" என்று சொல்லலாமா என்று கேட்டேன். அது நீண்டுவிடக்கூடும் என்று நிராகரித்துவிட்டார்கள். கடிந்துகொள்ளப்படுவது ஆத்துமாவுக்கு நல்லது என்று இதே ஊரில் நானே ஒன்பது முறை பிரசங்கித்திருப்பதால் எதிர்த்து வாக்களிக்க வழியில்லை.

ஸ்வோலேயில் உன் தங்கை வீட்டில் குளிர் எப்படி இருக்கிறது? இங்கே கால்வாய் ஓரம் உறையத் தொடங்கிவிட்டது. உன் சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்தேன். ஓட்டாமலே இறங்கிவிடுகிறது, மறுபடி அடிக்கிறேன்.

சனிக்கிழமைகளில் பிரசங்கத்தைச் சமையலறையில் உரக்க வாசித்துப் பார்க்கும் வழக்கம் தொடர்கிறது. முன்பு நீ உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்பாய். எந்த வரியில் உன் கத்தி நிற்கிறதோ அந்த வரி சரியில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மேலே வாசிப்பேன். இப்போது கத்தி எங்கும் நிற்பதில்லை.

இந்தப் புதிய ஏற்பாட்டின் முதல் ஞாயிறு, உருளைக்கிழங்கு விவசாயி ஹார்ம் காபிக் கோப்பையோடு வந்தார். "போதகரய்யா, பிரசங்கம் முடியிறவரைக்கும் வாயில போட்டுக்க நான் கொண்டுவந்த பெப்பர்மின்ட் மூணும் கரைஞ்சுபோச்சு. நீங்க இன்னும் கொரிந்து பட்டணத்துக்கே போய்ச் சேரல" என்றார். கொரிந்துக்குப் போகும் வழியின் இறையியல் முக்கியத்துவத்தை விளக்க வாயைத் திறந்தேன். "நன்றிங்கய்யா, நன்றி!" என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைவூட்டினார்கள். சொன்னேன்.

போன ஞாயிறு யான்ட்யே வந்தாள், கிளாஸின் விதவை. "போன வருசம் என் வீட்டுக்காரரை அடக்கம் பண்ணினீங்களே. பவுல் பேரை முப்பது வாட்டி சொன்னீங்க. அவரு பேரு ஒரு வாட்டிகூட வரல. வீட்டுக்குப் போய், அடுக்களையில நின்னு, நானே சொல்லிக்கிட்டேன்" என்றாள்.

அடக்க ஆராதனையில் வசனத்தைத்தான் பிரசங்கிக்க வேண்டும், இறந்தவரை அல்ல என்பதற்கு என்னிடம் ஆறு காரணங்கள் உண்டு. உனக்கு அவை தெரியும். பிப்ரவரியில், உன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, நீயும் யான்ட்யே சொன்னதையேதான் சொன்னாய். நான் ஆறையும் எடுத்துச் சொன்னேன். நான்காவதில் நீ பயணப் பெட்டியை எடுக்க மாடிக்குப் போய்விட்டாய். மீதி இரண்டை மாடிப்படிக்குக் கீழே நின்று சொன்னேன்.

யான்ட்யேயிடம் "நன்றி" என்றேன். மேலே பேசத் தடை இருந்ததால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க நேர்ந்தது. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய், கிளாஸ் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். ஒன்றரை மணி நேரம் சொன்னாள். ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் வைத்திருந்தாராம். பதினான்கு வருடம் அவருக்குப் போதகராக இருந்திருக்கிறேன்.

வரும் 24ஆம் தேதி, இந்த ஆண்டு மரித்தவர்களின் பெயர்களை வாசிக்கும் ஞாயிறு. வழக்கமாகச் சபைச் செயலாளர் வாசிப்பார். இம்முறை நான் வாசிக்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். நான்காவது பெயர் கீர்ட்யே, உன் அம்மா. அவர் கடைசி இரண்டு வருடம் நம் மாடி அறையில் இருந்து என் தொண்டைக்குத் தேன் அனுப்பியதையும் சொல்ல எண்ணம். இதைச் சனிக்கிழமை வாசித்துக் காட்ட ஆளில்லை.

நீ வர வேண்டும் என்பதற்கும் மூன்று காரணங்கள் வைத்திருந்தேன். எழுதவில்லை. காபி நேரத்துக்கு உண்டான விதி நம் வீட்டுக்கும் பொருந்தும் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் போக்கைக் காத்தவர் உன் வரவையும் காப்பாராக.

உன்,
ஜெர்பன்


டிசம்பர் 2

அன்புள்ள ஹில்லிக்கு,

24ஆம் தேதி கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உன்னைப் பார்த்தேன். காபிக்கு நீ நிற்கவில்லை.

இன்று உன் கடிதம் கிடைத்தது. பதினோரு பக்கம்.

நன்றி.

ஜெர்பன்