கைமாறிய இல்லம்

மார்ச் 3
என் மனைவி இருக்கும் முதியோர் இல்லத்தை, அதை நடத்திவந்த டாக்டரம்மா விற்றுவிட்டார். ஏதோ நிறுவனம் வாங்கியிருக்கிறதாம். வாசலில் புதுப் பலகை, வரவேற்பறையில் புது சோபா. பக்கவாதம் வந்ததிலிருந்து இவள் பேசுவது எனக்கு மட்டும்தான் புரியும். "என்னையும் சேத்தா வித்தாங்க?" என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 19
இவளைப் பாடிக்கொண்டே குளிப்பாட்டும் பெண்ணை நிறுத்திவிட்டார்கள். எட்டுப் பேருக்கு ஒருத்தி என்றிருந்தது, இனி பதினாறு பேருக்கு ஒருத்தி.

ஏப்ரல் 6
மதியம் போனால் தட்டு அப்படியே ஆறிக் கிடக்கிறது. "சாப்பிடலைன்னு எழுதிட்டேன் சார்" என்றாள் நர்ஸ். சாப்பிடவில்லையா, ஊட்டவில்லையா? திட்ட வாய் எழவில்லை. அவளும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள் போல.

ஏப்ரல் 21
இடுப்புக்குக் கீழே புண். உள்ளங்கை அகலம். ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் படுக்க வைக்கணும், அவ்வளவுதானே? அதுக்குக்கூடவா ஆள் இல்ல? பாவிங்களா.

ஏப்ரல் 22
மேலாளரிடம் கத்தினேன். "எழுதிக் குடுங்க சார், மேல அனுப்புறேன்."
"மேலன்னா யாரு?"
"எனக்கே தெரியாதுங்க. மெயில் வரும், அவ்வளவுதான்."
டாக்டரம்மா இருந்தால் கதவைத் தட்டிச் சண்டை போடலாம். இப்போது எந்தக் கதவை?

மே 2
வேறு இல்லம் தேடி அலைந்தேன். மூன்றில் இடமில்லை. நான்காவதும் இதே நிறுவனத்துடையது. வீட்டுக்கே கூட்டி வரவா? மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, எனக்கு எழுபத்தாறு.

மே 9
காலை ஏழுக்கே போய்விடுகிறேன். எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று நர்ஸ் கற்றுக்கொடுத்தாள்.

மே 15
நான் இவளுக்கு ஊட்டுவதைப் பக்கத்துக் கட்டில் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் ஊட்டினேன்.

ஜூன் 11
புண் எலும்பு வரை போய்விட்டது. காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று — இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்கிறார் அந்த டாக்டர்.

ஜூன் 14
போயிட்டா.

ஜூலை 2
அவள் துணிமணிகளை வாங்கிவரப் போனேன். பக்கத்துக் கட்டில் அம்மா என்னைக் கண்டதும் வாயைத் திறந்தார். பையை ஓரமாக வைத்துவிட்டு ஊட்ட உட்கார்ந்தேன்.
அடுத்த அறையில் தன் அப்பாவைப் புதிதாகச் சேர்த்திருந்த பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே வேலை செய்பவன் என்று நினைத்திருக்க வேண்டும்.
"ஐயா, அப்பாவுக்குக் கை நடுங்கும். நீங்கதான் கொஞ்சம் ஊட்டிவிடணும்."
"சரிம்மா" என்றேன்.