பொனட்டை மட்டும் விட்டுவிட்டோம்

என் உயிர்க் காக்கா, என் கூடப்பிறந்த மூத்தவரே,

ஸலாம். நீங்கள் அடங்கியிருக்கிற கபுறில் வெளிச்சம் நிறைந்திருக்கட்டும். இங்கே உம்மா சுகம். நான் சுகம். உங்கள் காரும் சுகம்.

பெரிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம். பெண் மருதமுனை. பெயர் நுஸ்ஹா. மருந்துக்கடையில் வேலை. நான் ஒரு வசனத்தைத் தொடங்கினால் அவள் அதை முடித்துவிடுகிறாள். உங்களுக்குப் பிறகு அப்படிச் செய்ய ஆளில்லாமல் இருந்தது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குப் போக வேண்டும். நான் போகிறேன். என்னோடு உங்கள் மஞ்சள் காரும் போகிறது. இரண்டே இருக்கை, திறக்கிற கூரை, தரையை முத்தமிடுகிற உயரம். பெண்ணின் வாப்பா வந்து அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மகன், இதுக்குள்ள ஏறுறதா, இறங்குறதா?"

நீங்கள் இருந்திருந்தால் அவரை உள்ளே இருத்தி, கல்முனைச் சந்திவரை பறந்துவிட்டு வந்திருப்பீர்கள். நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சிக்கல் அவர்கள் வீட்டில் இருக்கிறது. அந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நாலைந்து தென்னைதான். உம்மா பெண் பார்க்கப் போனபோது பெண்ணைப் பார்க்கவில்லை. கேற்றைப் பார்த்தார். அது உப்புக்காற்றில் துருவேறிச் சிவந்திருந்தது. திரும்பி வரும்போது ஓட்டோவில் அதே கதை.

"இரும்புக்கே இந்தப் பாடெண்டா அவன்ட கார் என்னத்துக்கு ஆகும்? புதுசா என்னவோ பூசுறாங்களாமே. அதப் பூசிப்போட்டுத்தான் கொண்டு போகணும்."

அவன்ட கார். இன்னும் அப்படித்தான் சொல்கிறார்.

அந்த 'என்னவோ'வுக்குப் பெயர் செரமிக் கோட்டிங். பெயிண்டுக்கு மேல் ஒரு பூச்சு. காய்ந்தால் மெல்லிய கண்ணாடி மாதிரி இறுகிவிடும். உப்பு, வெயில், பறவை எச்சம், எதுவும் பெயிண்டைச் சுலபமாகத் தொடாது. உங்கள் காலத்தில் இது நம் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் பூசியிருப்பீர்களா?

டோஹாவில் இந்த வேலை பழகி வந்த என் கூட்டாளி ரிஸ்வான் கல்முனையில் கடை போட்டிருக்கிறான். காரைக் கொண்டுபோனேன். ஒரு விளக்கைப் பக்கத்தில் பிடித்துக் காட்டினான். மஞ்சள் முழுவதும் நூல் நூலாக வட்டங்கள்.

"இத ஆரு துடைச்ச?"

"உம்மா."

"எதால?"

"காக்கா உடுத்த பழைய சாரத்தால. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்."

"தண்ணி ஊத்தியா?"

"இல்ல. வெறுஞ்சாரம்."

விளக்கை அணைத்தான். "உம்மா எண்டா சரி," என்றான்.

மாதிரி பார்க்க டிக்கி மூடியை மட்டும் பொலிஷ் செய்து பூசிக் காட்டினான். சில நாள் காய்ந்தபின் தண்ணீர் ஊற்றினோம். நிற்கவில்லை. முத்து முத்தாக உருண்டு கீழே போய்விட்டது. "நுளம்பு பறந்து வந்து குந்தினாலும் வழுக்கும் மச்சான்," என்றான் ரிஸ்வான். அவ்வளவு பெருமை.

அப்போதுதான் சபீர் வந்தார். உங்கள் கூட்டாளி. இப்போதும் கல்யாண மேடையும் காரும் சோடிப்பதுதான் அவருக்கு வேலை. என் கல்யாணத்துக்கு அளவு பார்க்க வந்தவர், பழக்கதோஷத்தில் ஒரு ரோசாக்கொத்தை டேப் வைத்து டிக்கியில் ஒட்டினார். ஒட்டியது. பிறகு மெதுவாகச் சரிந்தது. பஸ்ஸில் தூங்கி விழுகிற ஆளைப் போல. நிலத்தில் விழுந்தது.

"என்னடா இது? மாப்பிள்ளைட கார்ல பூ நிக்கல்ல?"

"நிக்காது. நிக்காமப் பண்ணத்தானே இது," என்றான் ரிஸ்வான்.

"காந்தம் வச்சா?"

"கோடு விழும்."

"உறிஞ்சுற ரப்பர்?"

"வெயிலுக்குக் கழண்டு பறந்து மாப்பிள்ளைட மடியில விழும். கூரையும் திறந்துதானே கிடக்கு."

சபீர் அதே கொத்தை இன்னும் பூச்சுப் படாத முன்மூடியில், பொனட்டில், ஒட்டினார். அது பிறந்த இடத்தில் நிற்பதுபோல நின்றது. என்னைப் பார்த்தார். "அப்ப இனி இது மாப்பிள்ளைக் கார் இல்ல தம்பி. ஷோறூம் கார்."

அது தைத்தது, காக்கா.

ஊரில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் உங்கள் கார்தான். பூ, ரிப்பன், டேப். தெருவெல்லாம் பெண்களின் குரவை ஒலி. பன்னீர் காய்ந்த புள்ளிகள். வீரமுனைக் கோயில் கல்யாணத்துக்குப் போய்வந்த நாளில் பொனட்டில் சந்தனமும் இருந்தது. மறுநாள் உங்கள் கடைவாசலில் குந்தியிருந்து மண்ணெண்ணெய் தொட்டு டேப் பசையைத் துடைப்பீர்கள். கேட்டவர் யாருக்கும் இல்லை என்றதில்லை. உங்களுக்கு மட்டும் யாரும் பூ ஒட்டவில்லை. கேட்டால், "கார் கிடைச்சிட்டு, ஆள்தான் கிடைக்கல்ல," என்று சிரிப்பீர்கள். மெய்யாகவே கிடைக்கவில்லையா?

யோசித்தேன். பூசினால் கார் நிலைக்கும், உம்மாவின் மனம் ஆறும். ஆனால் இனி ஒரு மாப்பிள்ளைக்கும் உதவாது. பூசாவிட்டால் கடல் தின்றுவிடும். எதைக் காப்பாற்றப் போகிறேன்? பெயிண்டையா, அந்தக் கார் ஊருக்குச் செய்த வேலையையா? உங்கள் குரல் கேட்கிறது. 'கம்பஸில படிச்ச மூளைக்குக் கொஞ்சம் லீவு குடுடா.'

நுஸ்ஹாவுக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப பொனட்ட விட்டுப்போட்டு மற்றதெல்லாம் பூசுங்க," என்றாள்.

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கேக்குதா? இதுக்கா இவ்வளவு நாளும் ஒழுங்காக் கதைக்காம இருந்தீங்க? கல்யாணம் வேணாமெண்டு சொல்லப் போறீங்களோ எண்டு பயந்துபோனன்."

"பொனட் உரிஞ்சுபோனா?"

"உரிஞ்சா அத மட்டும் பெயிண்ட் அடிக்கிற. முழுக் காருமா உரியப்போகுது?"

ரிஸ்வானுக்குத்தான் மானப் பிரச்சினை. "அரைவாசிச் சவரம் மாதிரி இரிக்கும் மச்சான். ஆரும் கேட்டா என்ட கடைப் பேரச் சொல்லிராத."

உம்மாவிடம் சொல்லத்தான் எனக்குத் துணிவு வரவில்லை. அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்தால் உங்களுக்கே விழுந்தது மாதிரிப் பதறுகிறவர். அவர் வேண்டாம் என்றால் முழுவதும் பூசுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் போனேன். அஸர் தொழுகைக்குப் பிறகு, குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். கை நின்றது.

"உப்பு முதல்ல முன்பக்கத்துலதானே அடிக்கும்?"

"ஓம் உம்மா."

"தெரிஞ்சுகொண்டுதான் விடுறியா?"

"ஓம்."

மீனைப் புரட்டினார். தண்ணீரை ஊற்றினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"மெய்தானா, சபீர் ஒட்டின பூ நிக்கல்லியாமே?"

"வழுக்கி விழுந்துட்டு உம்மா."

முதலில் மூக்கால் ஒரு சிரிப்பு. பிறகு முக்காடு சரியச் சரியச் சிரித்தார். சிரிப்பு நின்றபோது கண் நனைந்திருந்தது. கழுவாத கையின் பின்புறத்தால் துடைத்துக்கொண்டார்.

"அவன் இருந்தா அந்த டிக்கிய மண்தாள் போட்டுச் சுரண்டியெடுத்திருப்பான். விடு. பொனட்ட விடு."

பூசியாகிவிட்டது, காக்கா. நேற்று மழை. வாசலில் நின்று பார்த்தேன். கதவுகளில், மட்காட்டில், டிக்கியில் தண்ணீர் உருண்டு ஓடியது. பொனட்டில் மட்டும் பாய் விரித்துப் படுத்துக்கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "முன்னுக்குப் பூச மறந்துட்டாங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

நாளை சபீர் சோடிக்க வருகிறார். ஓட்டப்போவதும் அவர்தான். ஆனால் முதல் பூவை யாரும் தொடக்கூடாதாம், அது தன்னுடையது என்று உம்மா அவரிடம் சொல்லிவிட்டார். டேப் உரிக்கத் தெரியாதென்று இரவிலிருந்து பழகுகிறார். எங்கள் ஃபிரிட்ஜ் கதவு முழுவதும் இப்போது ரோசாப்பூ.

என் வாக்கு இது. காரைக் கேட்டு வருகிற எந்த மாப்பிள்ளையிடமும் ஏலாது என்று சொல்லமாட்டேன். நற்பிட்டிமுனைப் பொடியன் ஒருவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். ஓம் என்றேன். பொனட் உரியும். உரிந்தால் அதே மஞ்சளைத் தேடிப் பூசுவேன். பிறகு அதையும் உரியவிடுவேன்.

உங்களுக்குப் பின்னால் பிறந்து, நாளைக்கு மாப்பிள்ளையாகப் போகிற
உங்கள் தம்பி