உனக்கெதிராக நான் போட்ட கையெழுத்து

இன்று காலை உன் புத்தகம் என் கைக்கு வந்து சேர்ந்தது. உன் வீட்டுக்காரர் கோர்ட்டில் வாங்கிக்கொண்டு, ஆட்டோவை நேரே என் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "இத வச்சிக்கிட்டு நான் என்னா பண்ணப் போறேன்? படிச்சவங்க நீங்க ரெண்டு பேருதான்" என்று காகித உறையை நீட்டினார். உறையின் மேல் வழக்கு எண். அதற்குக் கீழே யாரோ ஒரு எழுத்தரின் கையெழுத்தில், 'பழைய புத்தகம் ஒன்று, அட்டை கிழிந்தது.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. முதல் முப்பது பக்கங்கள் ஓரத்தில் பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. அது உன் மூக்கிலிருந்து வந்த ரத்தம். அந்த ரத்தத்தை வரவழைத்ததும் இதே புத்தகம்தான்.

அமெரிக்க அரசாங்கம் பற்றிய மூன்றாம் ஆண்டுப் பாடம். முப்பது வயதை நெருங்கும்போது நாம் இருவரும் அஞ்சல் வழியில் அரசியல் அறிவியல் சேர்ந்ததைப் பார்த்து உப்பளத்தில் எல்லோரும் சிரித்தார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரிக் குவித்துவிட்டு, பத்து மணிக்குக் கொட்டகை நிழலில் உட்காருவோம். காலில் கல்லுப்பு கீறிய இடமெல்லாம் எரியும். நீ சத்தமாகப் படிப்பாய். நான் நோட்டில் எழுதுவேன்.

'குடிமைச் சுதந்திரங்களுக்கும் குடிமை உரிமைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அமெரிக்க அரசியலமைப்பின் அடிப்படையில் விளக்குக.' கண்டிப்பாக வரும் கேள்வி என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தது. நீ புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"இந்தா பாருடி. சர்க்காரு எம்மேல கை வைக்கக் கூடாது. காரணம் சொல்லாம புடிக்கக் கூடாது, வீட்டுல பூந்து தேடக் கூடாது, அடிச்சு ஒத்துக்க வைக்கக் கூடாது. அது சுதந்திரம். அடுத்தவன் எம்மேல கை வைக்க வந்தா, இதே சர்க்காரு ஓடியாந்து தடுக்கணும். அது உரிமை. மொதலாவது சர்க்காருக்குப் போட்ட வேலி. ரெண்டாவது சர்க்காருக்குக் குடுத்த வேலை."

"ரெண்டுல எதுடி பெருசு?"

"நம்ம ஊர்ல ரெண்டும் ஒரே நாள்ல தேவைப்படும்" என்று சொல்லிச் சிரித்தாய்.

அந்தப் பாடத்தில் ஒரு படம் இருந்தது. கறுப்பின இளைஞர் ஒருவர். போலீஸ் நாய் அவர் வயிற்றைக் கவ்வ வருகிறது. அவர் கை ஓங்கவே இல்லை. அடிமைத்தனத்தை ஒழித்து, எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்று எழுதி வைத்த பிறகும், பொது இடத்தில் சமமாக நடக்க ஏறத்தாழ நூறு வருடம் அடி வாங்கியிருக்கிறார்கள் என்று பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. நீ அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாய். "எழுதி வச்சதும் முடிஞ்சிதுன்னு நெனச்சிருப்பாங்க, பாவம்" என்றாய்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது உன் மாமியார் இறந்துபோனார். நாற்பது வருடம் உப்பளத்தில் மிதித்த கால்கள். ஐப்பசி மழையில் நம் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வாய்க்கால் கரை முழுகிக் கிடந்தது. மிச்சமிருந்தது ஊருக்குள் போகும் தார் ரோடு ஒன்றுதான். அந்த ரோட்டில் நம் பிணம் போனதே இல்லை. தண்ணீர் வடியும்வரை பொறுக்கலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மூன்று நாளா, நான்கு நாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

நீ எழுந்தாய். "அது பஞ்சாயத்து ரோடு. எங்க மாமியா தெனமும் உப்பளத்துக்கு நடந்து போன ரோடு. இன்னிக்கு ஒரு நாளு படுத்துக்கிட்டுப் போவட்டும்."

அதோடு நிற்கவில்லை நீ. பாதுகாப்பு கேட்டு மனு எழுதி, ஸ்டேஷனில் கொடுத்து, ரசீதும் வாங்கி வந்தாய். அந்த ஸ்டேஷனின் பெயர் இங்கே வேண்டாம். ரசீது, பரீட்சை ஹால் டிக்கெட், இந்தப் புத்தகம் மூன்றும் உன் துணிப்பையில் இருந்தன. மறுநாள் காலை இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். பாடை ஊர் முனையைத் தாண்டும்வரை கூடவே நடந்தார்கள்.

டீக்கடை வளைவில் ஊர்க்காரர்கள் காத்திருந்தார்கள். நாற்பது பேருக்குக் குறையாது. பாதிப் பேரை நமக்கு முகம் தெரியும். நம்மோடு ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். முதல் கல் பறை அடித்தவரின் நெற்றியில் விழுந்தது. அடுத்தது எங்கிருந்து வந்தது என்று பார்க்க நேரமில்லை. கட்டைகளோடு பாய்ந்தார்கள். பாடையின் முன்பக்கத்தைப் பிடித்திருந்த உன் கொழுந்தனின் தோளில் அடி விழ, பாடை சரிந்தது. உன் மாமியாரின் உடம்பு தாரில் உருண்டது. பூமாலை ஒரு பக்கம், ஒரு கை மறு பக்கம். எல்லோரும் சிதறி ஓடினார்கள். நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது நீ மட்டும் பிணத்தின் மேல் கவிழ்ந்து படுத்திருந்தாய். உன் முதுகில் இரண்டு கட்டைகள் மாறி மாறி விழுந்தன. செத்த உடம்பின் மேல் ஒரு அடிகூட விழக்கூடாது என்று படுத்திருந்தாய்.

அந்த இரண்டு கான்ஸ்டபிள்களும் டீக்கடைக்குள் போய்விட்டார்கள். நீ தலையை நிமிர்த்தி, "சார், வாங்க சார்!" என்று கத்தினாய். ஒருவர் நம்மைப் பார்த்தார். பிறகு தன் போனைப் பார்த்தார்.

அரை மணி நேரம் கழித்து வேன் வந்தது. கட்டையோடு நின்றவர்களிடம் "போங்கப்பா, கலைஞ்சு போங்க" என்றார்கள். மண்டை உடைந்து கிடந்தவர்களை வேனில் ஏற்றினார்கள். பதினெட்டுப் பேர், எல்லோரும் காலனி. உன்னையும் என்னையும் சேர்த்துத்தான். பிணம் ரோட்டிலேயே கிடந்தது. மாலையில் மிச்சமிருந்த ஆண்கள் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் வாய்க்கால் வழியாகக் கொண்டுபோனதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

ஸ்டேஷனில் நம் இருவரையும் தனி அறையில் நிறுத்தினார்கள். அதிகாரி உன்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"யாருடி பொணத்த ஊர் ரோட்டுல தூக்கச் சொன்னது?"

"அடி வாங்கினவங்க நாங்க சார். எங்கள என்னாத்துக்குப் புடிச்சிருக்கீங்கன்னு மொதல்ல சொல்லுங்க."

"கேள்வி நான் கேப்பேன்."

"அப்ப வக்கீல் வரட்டும் சார். எனக்கு எதிரா நானே சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

அவர் உன் பையைப் பிடுங்கி மேசையில் கொட்டினார். ரசீதைக் கிழித்தார். புத்தகத்தின் அட்டையைப் படித்தார். "அமெரிக்காவா? உப்பு வார்ற நாய்க்கு அமெரிக்கா கேக்குதா?" என்றபடியே அதைச் சுழற்றி உன் முகத்தில் அடித்தார். தடித்த புத்தகம். உன் மூக்கெலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாம் தடவை அடிக்கும்போது பக்கங்கள் விரிந்துகொண்டன. "இது அமெரிக்கா இல்லடி."

நீ முந்தானையால் வாயைத் துடைத்தாய். அப்படியும் பேசினாய். "அமெரிக்காவுல மட்டும் இல்ல சார். நம்ம அரசியல் சட்டத்துலயும் இருக்குது. பிரிவு இருபது, இருபத்திரெண்டு. எடுத்துப் பாத்துக்கோங்க."

பெண் காவலர் ஒருவர் உன் கைகளைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். லத்தி முதலில் தொடையில் விழுந்தது. பிறகு முழங்கால்களில். நீ விழுந்த பிறகு பூட்ஸ் காலால் உன் இடுப்புக்குப் பின்னால், ஒரே இடத்தில், மறுபடி மறுபடி. நீ கத்தியது ஒரு மனுஷியின் சத்தமாக இல்லை. பிறகு கத்தவும் இல்லை.

அப்புறம் அவர் என் பக்கம் திரும்பினார். ஒரு அறை. என்னை ஒரே ஒரு அறைதான் அறைந்தார். ஒரு தாளை முன்னே தள்ளினார். 'முதல் கல்லை எறிந்தது இவர்தான். நான் கண்ணால் பார்த்தேன்' என்று அதில் எழுதியிருந்தது. உன் பெயர் இருந்தது. நான் படித்தேன். ஒவ்வொரு வரியையும் படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். தரையில் கிடந்தபடி நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

என்னை மத்தியானமே விட்டுவிட்டார்கள். உன்னை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியபோது அவர், "யாராவது அடிச்சாங்களாம்மா?" என்று வழக்கமாகக் கேட்பதுபோல் கேட்டாராம். அடித்தவர் பின்னால் நிற்க, "அடிச்சாங்கய்யா, இவருதான்" என்று நீ கை காட்டினாயாம். அவர் பேனாவை நிறுத்தி உன்னைப் பார்த்துவிட்டு, காயங்களை ஒரு வரியில் குறித்துக்கொண்டாராம்.

பதினொரு நாள் கழித்து ஜாமீனில் வந்தாய். மூன்று நாள் உன் வீட்டுப் பக்கமே நான் வரவில்லை. நான்காம் நாள் வந்து, வாசற்படியில் நின்றேன். உன் முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"உள்ள வாடி. என்னாத்துக்கு நிக்கிற?"

நான் அழுதேன். நீ திட்டுவாய் என்று வந்தவள், நீ சொன்னதைக் கேட்டு இன்னும் அழுதேன். "அடிச்சு வாங்கின கையெழுத்து செல்லாதுடி. நாமதான படிச்சோம்? பரீட்ச போச்சு, படிச்சதுமா போச்சு?"

"மன்னிச்சிடுடி."

"மன்னிப்பு எனக்கு வேணாம். நீ போய் உள்ளதச் சொல்லு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. வக்கீல் ஆள் அனுப்பியபோது காய்ச்சல் என்றேன். அடுத்த தடவை தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். நீ சிறுநீரில் ரத்தம் போகிறது என்று பெரியாஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தாய். ஒரு கிட்னி சேதமாகிவிட்டது என்றார்கள். பிறகு சீழ் பிடித்துவிட்டது என்றார்கள். கடைசியாகப் பார்த்தபோது உன் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. "கோர்ட்டுல உன்னக் கூப்புடுவாங்க. எனக்காகச் சொல்லாத. உனக்கு நடந்ததச் சொல்லு, போதும்" என்றாய். அடி விழுந்த எட்டாவது மாதம் நீ போய்விட்டாய்.

உன்னைத் தார் ரோட்டில்தான் கொண்டுபோனோம். வக்கீல்கள் ஓடி உத்தரவு வாங்கி வந்தார்கள். முன்னால் ஒரு வேன், பின்னால் ஒரு வேன், இரண்டு பக்கமும் போலீஸ். ஒரு கல்கூட விழவில்லை. அன்று கேட்டபோது இந்தப் பாதுகாப்பைக் கொடுத்திருந்தால் நீ நடந்து வந்திருப்பாய் என்ற நினைப்பில் எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை. ஒரு கல்லை எடுத்து அந்த வேன் கண்ணாடியில் எறியக் குனிந்தேன். உன் வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்மா. அப்புறம் அவங்க எழுதினது நெசமாயிடும்" என்றார்.

வழக்கு வந்தது. நான் போலீஸ் தரப்புச் சாட்சி. உனக்கு எதிராக, நம் காலனிக்காரர்களுக்கு எதிராகக் கூண்டில் ஏறினேன். அந்த அதிகாரி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?" என்றார் அரசு வக்கீல்.

"என்னுதுதாங்க."

"படிச்சுப் பாத்துதானே போட்டீங்க?"

"படிச்சேங்க. பொய்யின்னு தெரிஞ்சுதான் போட்டேன். அடிச்சாங்க."

"எத்தன அடி?"

"ஒண்ணுங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஒரே ஒரு அடிக்காகவா பொய்ச் சாட்சி சொன்னீங்க?" என்றார் அரசு வக்கீல்.

"அவளுக்கு விழுந்ததெல்லாத்தையும் பக்கத்துல நின்னு பாத்தேங்கய்யா. அதையும் சேத்துக்கோங்க."

பிறகு நிறுத்தாமல் பேசினேன். புத்தகம், லத்தி, பூட்ஸ், இடுப்பு, எல்லாம். அரசு வக்கீல் என்னைப் பிறழ் சாட்சி, அதாவது பேச்சு மாறியவள், என்று அறிவிக்கக் கேட்டார், நீதிபதி அறிவித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக நான் பயமில்லாமல் உண்மை பேசிய நாளில் சட்டம் எனக்கு வைத்த பெயர் அது.

பதினாறு பேரையும் விடுவித்தார்கள். மாஜிஸ்திரேட் அன்று எழுதிய அந்த ஒரு வரியையும் என் வாக்குமூலத்தையும் தீர்ப்பில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பதினேழாவது பெயர் உன்னுடையது. அதற்கு நேரே, 'இறந்துவிட்டதால் இவர் மீதான வழக்கு அற்றுப்போகிறது' என்று இருந்தது. உன்னை யாரும் குற்றவாளி என்று சொல்லவில்லை. நிரபராதி என்றும் சொல்லவில்லை. கட்டையோடு வந்தவர்கள் மீதான வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. அந்த அதிகாரி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்.

நான் இப்போது வானூரில் மனு டைப் அடிக்கும் கடையில் வேலை பார்க்கிறேன். போன வாரம் பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் புருஷனை விசாரணை என்று கூட்டிப்போய் இரண்டு நாள் ஆகிறது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. மனுவை அடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். கடையைச் சாத்திவிட்டு நானும் கிளம்பினேன்.

ஸ்டேஷன் வாசலில் நின்ற போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரும்மா? வக்கீலா?"

"இல்லீங்க. அவர என்னாத்துக்குப் புடிச்சு வச்சிருக்கீங்கன்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா விட்ருங்க."

அவர் கையை உயர்த்தியது தொப்பியைச் சரிசெய்யத்தான். அதற்குள் நான் கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே நின்றேன். பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை நின்றோம். நான்கு மணிக்கு அவள் புருஷனை வெளியே அனுப்பினார்கள். நடக்க முடியாமல்தான் வந்தார். ஆனால் வந்தார்.

பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்குப் பயமே கிடையாதாக்கா?"

"இருக்குது. அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்தேன்" என்றேன்.