மிஷின் இருக்கிறவன்தான் ஃபிட்டர்

மேட்டகள்ளி, மைசூரு
ஞாயிறு மாலை

அன்புள்ள கவின்,

நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேலை இடத்தில் யாரிடமும் ஏச்சு வாங்காமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நலமா என்று போனில் கேட்டால் ம் என்கிறாய், அந்த ம்-ஐ வைத்துக்கொண்டு நான் என்ன தெரிந்துகொள்வது, அடுத்த முறை ஒழுங்காகச் சொல். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் சரிம்மா சரிம்மா என்று வெட்டிவிடுகிறாய். காகிதத்தை வெட்ட முடியாது. நான் அந்தியூர்ப் பக்கம் தமிழில் படித்தவள், நீ இங்கே கன்னடத்தில் படித்தவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி. என்னோடு வேலை செய்யும் சாமியாத்தாளின் மருமகன் கணேசன் விடுமுறை முடிந்து அங்கே தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் முறுக்கையும் கொடுத்து அனுப்புகிறேன். முறுக்கை ரூமில் எல்லோருக்கும் கொடுத்துச் சாப்பிடு.

தசராக் கூட்டம் எல்லாம் கலைந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. அப்பாவின் சரக்கு ஆட்டோவுக்கு அந்தப் பத்து நாளும் நல்ல ஓட்டம், ஆனால் பாதிச் சாலையை அடைத்துவிட்டதால் சுற்றிச் சுற்றிப் போய் இடுப்பு வலி என்கிறார். ஹனூரில் உன் சித்தப்பா போட்ட மக்காச்சோளத்தில் காட்டுப்பன்றி புகுந்துவிட்டது, மிச்சத்தைக் காப்பாற்றச் சோளக்காட்டிலேயே படுத்துக் கிடக்கிறார். உனக்குப் பெண் பார்க்கட்டுமா என்று கேட்டார். அவனைக் கேட்காமல் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டேன், கேட்கும்போது நீ ம் என்று சொல்லாதே.

இனி என் விஷயம். நீ வீட்டுக்கு ஸ்க்ரூ முடுக்கும் மிஷின், சின்ன இம்பாக்ட் டிரைவர் ஒன்று ஆன்லைனில் போடுகிறேன் என்றாயே, போட்டிருந்தால் உடனே கேன்சல் பண்ணு. நானே வாங்கிவிட்டேன். எதற்கு வாங்கினேன், எதை வாங்கினேன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். லிங்கப்பனிடம் நான் வேலைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அலமாரி, கிச்சன் எல்லாம் செய்து வீடுகளில் மாட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர், நீ ஒருமுறை பார்த்திருக்கிறாய், எப்போதும் காதில் பென்சில் இருக்கும். அன்றும் நான் ஹெல்பர், இன்றும் ஹெல்பர். போர்டைத் தூக்கிப் பிடிப்பது பெண்கள் நாங்கள், ஸ்க்ரூ போட்டு மாட்டுகிற ஃபிட்டர்கள் ஆண்கள். அவர்கள் பெரிய மிஷினை வாங்கி வைத்துக்கொண்டு, வேகம்தான் கெத்து என்று ஒரே அழுத்தாக அழுத்துவார்கள். இந்த அலமாரிப் போர்டு மரத்தூளை அழுத்திச் செய்தது, அடிக்கிற அடியில் உள்ளே பொரிந்து ஸ்க்ரூ பிடி இல்லாமல் சுற்றும். அப்புறம் நானும் சாமியாத்தாளும் அந்த ஓட்டையில் தீக்குச்சியும் பசையும் அடைத்து மறுபடி ஸ்க்ரூ நிற்கும்படி பண்ண வேண்டும். கெடுத்தவன் ஃபிட்டர், சரி பண்ணுகிறவள் ஹெல்பர். நாங்கள் கதவு மாட்டிக் கொடுத்த அடுக்குமாடியிலேயே எங்களைக் கழிவறைக்கு விடுவதில்லை, லிஃப்டில் ஏறாதே என்று காவலாளியை வைத்துச் சொல்கிறார்கள். அங்கே கேட்க எனக்கு வழி இல்லை. ஆனால் லிங்கப்பனிடம் கேட்க வாய் இருக்கிறது. ஆயுத பூஜை அன்று எல்லா மிஷினையும் துடைத்து, குங்குமம் வைத்து, பூச்சுற்றி வைத்தது நாங்கள் இரண்டு பேரும்தான். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அதெல்லாம் எங்கள் கைக்கு வரும். பொட்டு வைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன், என்னை எப்போதுங்க ஃபிட்டர் ஆக்குவீங்க என்று. எல்லோரும் சிரித்தார்கள். லிங்கப்பன் பொரி வாயோடு, "மிஷின் இருக்கறவன்தான் ஃபிட்டர் லீலம்மா. வாங்கிட்டு வா, பாக்கலாம்" என்றார். எங்கள் வேலையில் வழக்கமும் அதுதான், ஃபிட்டர் என்றால் சொந்த மிஷின் இருக்க வேண்டும். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். போகாதியில் ஒரு பெண்கள் விடுதிக்கு அறை அறையாக அலமாரி மாட்டும் வேலை வந்திருந்தது. அதில் ஃபிட்டராக நுழைந்தால் உண்டு, இல்லாவிட்டால் சாகும்வரை தீக்குச்சிதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய், "வீட்டுக்குன்னா சின்னது போதும்மா, பெருசெல்லாம் உனக்கு எதுக்கு, கை போயிரும்." கை ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருந்தது கண்ணு. அடைத்த ஓட்டைகளில் கையால் ஸ்க்ரூ முடுக்கி முடுக்கி மணிக்கட்டு வீங்கியதை உனக்குச் சொல்லவில்லை. டிரில் மிஷினில் ஸ்க்ரூ போட்டால் சிக்கும் இடத்தில் மிஷின் நம் கையைத் திருகும். இம்பாக்ட் அப்படி இல்லை, உள்ளே ஒரு சுத்தி மாதிரி டகடகவென்று தட்டித் தட்டித் திருப்பும், கைக்கு அதிர்வு உண்டு, முறுக்கு இல்லை. அதனால்தான் எனக்கு அது வேண்டும் என்றேன். பணம் என் உழைப்புப் பணம், அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு சந்தேபேட்டையில் மாரிசாமி கடைக்குப் போனேன். கொள்ளேகால்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் என்னைப் பார்த்துப் பேசவில்லை. அப்பாவைப் பார்த்து, "ஏனுங்ணா, உங்களுக்கு என்ன வேலைக்கு வேணும்?" என்றார். அப்பா, "எனக்கு இல்லீங்க, என்ற சம்சாரத்துக்கு. எனக்கு ஸ்டெப்னி கழட்டவே இவதான் வரோணும்" என்றார். உடனே அவர், "ஓ, வூட்டு உபயோகமா" என்று சொல்லி உள்ளங்கை அளவில் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார், கூடவே படம் மாட்ட, திரை மாட்ட என்று விளக்கம். இல்லீங்க, நாள் முழுக்க அலமாரி மாட்டோணும் என்றேன். அப்படியா என்று இருப்பதிலேயே பெரியதைத் தூக்கி வைத்து, இதைத்தான் எல்லா ஃபிட்டரும் வாங்குகிறார்கள் என்றார். பையில் இருந்து அலமாரிப் போர்டுத் துண்டு ஒன்றும் வேப்பங்கட்டை ஒன்றும் எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஸ்க்ரூவும் கொண்டுபோயிருந்தேன். மாரிசாமி, "இதென்னம்மா, விறகுக் கடையவே கொண்டாந்துட்டே" என்றார். "மாடு வாங்குனா ஏர்ல பூட்டிப் பாக்காம வாங்குவீங்களா" என்று கேட்டேன். சிரித்துவிட்டு பேட்டரி போட்டுக் கொடுத்தார். பெரியது போர்டில் ஒரு நொடியில் ஸ்க்ரூவின் தலையை உள்ளே புதைத்துப் போர்டைப் பொரியாக்கியது, நான் தீக்குச்சி அடைக்கும் ஓட்டை அப்படியே கண்முன் வந்து நின்றது. சின்னது போர்டில் அழகாக நின்றது, ஆனால் நீள ஸ்க்ரூவை வேப்பங்கட்டையில் இறக்கும்போது பாதியில் முனகிச் சூடாகிவிட்டது. மேல் அலமாரியைச் சுவரில் தாங்குவது அந்த நீள ஸ்க்ரூதான், அது பாதியில் நின்றால் அலமாரி யார் தலையில் விழும்? வீட்டில் எப்போதாவது ஒரு கீலை இறுக்குகிறவர்களுக்குச் சின்னதே போதும், நீ சொன்னது அந்த மட்டில் சரி. நான் எடுத்தது நடுத்தரமானது. அதில் வேகத்தை மூன்று விதமாக வைக்கலாம். மெதுவாக வைத்தால் போர்டு, முழுதாக வைத்தால் நீள ஸ்க்ரூ. மோட்டாரும் உள்ளே கார்பன் கட்டை தேய்ந்து தேய்ந்து மாற்ற வேண்டிய ரகம் இல்லை. பேட்டரியில்தான் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. அவர் ஒரே பெரிய பேட்டரியாக வாங்கு, நாள் முழுக்க ஓடும் என்றார். கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்பது அவர் இல்லை, நான். பெரிய பேட்டரி செங்கல் மாதிரி கனக்கிறது. சின்னதாக இரண்டு வாங்கினேன், ஒன்று சார்ஜில் இருக்கும்போது ஒன்று ஓடும். சுவரில் ஓட்டை போட மட்டும் இது உதவாது, அதற்கு ஹேமர் டிரில் வேண்டும், அது லிங்கப்பனிடம் இருக்கிறது.

திங்கட்கிழமை போகாதிக்குக் கொண்டுபோனேன். என்ன நடந்தது தெரியுமா, லிங்கப்பன் மிஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அதை அப்படியே சுரேந்தர் கையில் கொடுத்தார். சுரேந்தர் யார் என்றால் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன், பொரி கிளப்புவதில் முதல் ஆள். "பேடா பேடா, வேண்டாம் லீலம்மா, இது உயரத்துல ஏறிச் செய்யற வேலை, நீ போர்டப் பிடி, அவன் ஓட்டட்டும்" என்றார். என் மிஷின் கண்ணு. சாமியாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குக் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. கத்தினால் பொம்பளை கத்துகிறாள் என்று முடித்துவிடுவார்கள். பேசாமல் சுரேந்தர் பக்கத்தில் போய், மிஷினின் அடியில் இருக்கிற பொத்தானை அழுத்தி, பேட்டரியை மட்டும் உருவி என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு, போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஸ்டூலில் ஏறி ஜம்பமாக அழுத்துகிறான், சத்தமே இல்லை. "என்னக்கா இது" என்றான். "மிஷின் உன்ற கையிலதானே சாமி இருக்குது, ஓட்டு" என்றேன். முதலில் சாமியாத்தாள் சிரித்தாள், அப்புறம் எல்லோரும். லிங்கப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏன் லீலம்மா, மரியாதையாக் கொடு" என்றார். "மிஷின் இருக்கறவன்தான் ஃபிட்டர்னு பூஜையில எல்லாருக்கும் முன்னாலதானுங்க சொன்னீங்க, இப்ப நான் ஃபிட்டரா, ஹெல்பரா, அதச் சொல்லுங்க, பேட்டரி தானா வரும்" என்றேன். இன்றோடு வேலை போனது என்றே நினைத்தேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில், "ஒண்ணு மாட்டு. போர்டு பொரிஞ்சா மிஷினக் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு" என்றார்.

மாட்டினேன். சுரேந்தர்தான் போர்டைப் பிடித்தான், கையைக் கீழே இறக்கு, மேலே தூக்கு என்று நான் சொல்லச் சொல்ல அவனுக்கு வேர்த்தது. நீள ஸ்க்ரூ சுவரில் போய் நிற்கும்போது அந்தத் தட்டல் முழங்கைவரை வருகிறது, நன்றாக இருக்கிறது. கீல்களுக்கு மெதுவான வேகத்தில் முக்கால்வாசி இறக்கிவிட்டு, கடைசிச் சுற்றை மட்டும் மிஷினை வைத்துவிட்டுக் கையால் முடித்தேன். வேடிக்கை பார்த்த ஒருத்தன், மிஷின் வாங்கியும் கையால் முடுக்குறாளே என்றான். முடுக்குவேன், அது எனக்கும் போர்டுக்கும் உள்ள பேச்சு. லிங்கப்பன் கதவைத் திறந்து திறந்து மூடினார், கதவைப் பிடித்துத் தொங்கிக்கூடப் பார்த்தார். அப்படியே அடுத்த அறைக்கு ஆள் வைக்கப் போய்விட்டார். மிஷினைக் கட்டு என்று அவர் சொல்லாததையே பெரிதாக எடுத்துக்கொண்டு வாரம் முழுக்க மாட்டினேன். தீக்குச்சிப் பெட்டி திறக்கவே இல்லை. நேற்று சாப்பாட்டு நேரத்தில் சாமியாத்தாள், "எனக்கும் ஒருக்கா குடு புள்ள, பயமாத்தான் இருக்குது" என்றாள். ஒரு துண்டுப் போர்டில் ஓட்டவிட்டேன். முதல் தட்டலுக்கு ஐயோ என்று கத்திவிட்டு, அப்புறம் கையில் இருந்த ஸ்க்ரூ தீரும்வரை விடவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் லிங்கப்பன்தான், மறுநாள் வேலை எங்கே என்று சொல்வார், எப்போதும் அப்பா நம்பருக்குத்தான் சொல்வார், அப்பா என்னிடம் சொல்வார். அப்பாவும் பழக்கத்தில் தன் போனை எடுத்துப் பார்த்தார். அது அமைதியாக இருந்தது. அடித்தது என்னுடையது. "ஃபிட்டரம்மா, நாளைக்கு ரெண்டு பேட்டரியும் சார்ஜ் போட்டுட்டு வந்துரு, மாடியில மூணு ரூம் இருக்குது" என்றார். சரிங்க என்றேன். சாமியாத்தாளையும் என்கூடவே போடுங்க என்றேன். சரி என்றார். அப்பா தன் போனைச் சட்டைப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டு, காபி போடுகிறேன் என்று எழுந்து போனார். சர்க்கரை அதிகம், குடித்துவிட்டேன்.

மாதேசுவர சாமி உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். நீயும் மிஷின் சத்தத்திலேயே இருப்பவன், காதுக்கு அடைப்பு வைத்துக்கொண்டு வேலை செய், நானும் வைத்துக்கொள்கிறேன். ஊருக்கு வரும்போது எனக்குப் புடவை வேண்டாம், இந்த மிஷினின் முனையில் மாட்டி ஸ்க்ரூவைத் திருப்புகிற நல்ல பிட் வாங்கி வா, இங்கே கிடைப்பது சீக்கிரம் தேய்கிறது. ஸ்க்ரூ தலையின் படம் கணேசனிடம் கொடுத்திருக்கிறேன், மறந்துவிடாதே.

அன்புடன்
உன் அம்மா
லீலா